அக்கரைக்கு ஒரு சவாரி

— சட்டையவே பாத்துக்கிட்டு நிக்கிறியே கனகா, என்னா?

— கசங்காம இருக்கேன்னு பாக்குறேன். ஆபீஸ்ல இருந்து நேராத்தான வாறீங்க?

— ஆமா புள்ள. ஒங்க அண்ணன் போன்ல சொன்னதும் ஓடியாறேன். துபாய்ல இருந்து ஒங்க அண்ணன் இருக்குற இந்த ரோலாவுக்கு வந்து சேர ரெண்டு மணி நேரம், அம்புட்டு டிராபிக். வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எங்க எம் மக?

— சந்தியா அண்ணங்கூட கீழ பரோட்டா வாங்கப் போயிருக்கா.

— அஞ்சு வயசாச்சு, போட்டோவுலதான் பாத்துருக்கேன். என்னைய அடையாளம் தெரியுமா அவளுக்கு?

— அதப் பெறகு சொல்றேன். ஏசி ஆபீஸ்ல இருக்கவுக கையி ஏன் இம்புட்டு டீசல் நாறுது?

— துறைமுகத்து ஆபீஸுன்னா கப்பலுக்கும் போகணும்ல.

— போதும் மாமா. காலையில நாங்க இங்கருந்து துபாய்க்குப் போனோம். அண்ணனுக்கு டூட்டி. பக்கத்து ரூம் அஸ்மத் பீவி அக்காதான் கூட்டிப் போனாக.

— எதுக்கு?

— ஒங்க ஆபீஸப் பாக்கத்தான். உப்பாத்துக்கு அக்கரையிலன்னு சொன்னீங்கள்ல. போட்டுல ஏறுனோம். எல்லாரும் தண்ணியப் பாத்து முதுகுக்கு முதுகு ஒக்காந்துருக்கோம். நடுக்குழியில நின்னு ஓட்டுறவுக, பின்னால இருந்து கைய நீட்டி காசு வாங்குறாக. திரும்புனேன். தாடியும் தலத்துண்டுமா நீங்க.

— கனகா...

— காசக் குடுத்தது சந்தியா. ஒங்க உள்ளங்கையிலதான் வச்சா. ‘ஜல்தி, ஜல்தி’ன்னு வெரட்டுனீங்க.

— நான் வேலைக்கு வந்த கம்பெனி ஆறு மாசத்துல கலாஸ், இழுத்து மூடிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது போட்டுதான். கடல் ஒரு மகனக் கொண்டு போச்சுன்னு, இனி படகுல கால் வைக்க மாட்டேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான ஒங்கப்பா ஒன்னைக் குடுத்தாரு? எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?

— அத யாரு கேட்டா? போட்டு ஓட்டுங்க, குப்ப அள்ளுங்க, எனக்கென்ன கேவலம்? பெத்த புள்ள கைபட்டும் தெரியலையே ஒங்களுக்கு! அதான் வயிறு எரியுது.

— முதுகுதான புள்ள தெரியும் எங்களுக்கு.

— கூட்டம், வெயிலு, மனுசன் பாக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் கரையேறுனேன். அழுகைய அடக்க முடியல. ஒங்களக் கூப்புடாமலே வந்துட்டேன்.

— அவகிட்ட சொல்லிட்டியா?

— இல்ல. படியில சத்தம் கேக்குது, அவதான். ஒங்களப் பாத்ததும், ‘போட்டுக்கார மாமால்ல’ன்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?

— அப்பா ஒன்னையப் பாக்கலன்னு சொல்லிரு.

— பாக்கலதான?

— பலகையில நீ கால வைக்கிறப்பவே பாத்துட்டேன் கனகா. தமிழ்ல பேசுனா கொரல வச்சுக் கண்டுபிடிச்சிருவன்னுதான் இந்தியில வெரட்டுனேன்.