நாலு மணிக்கு சிஸ்டர் வர்றாங்க

– அந்த நாற்காலிய அங்க போடாதீங்க. ஃபேன் காத்து வராது.

– வராட்டி என்ன? சிஸ்டர் தூங்கவா வர்றாங்க?

– வேர்த்து வழிய உக்காருவாங்க பாவம். அந்த அங்கி, முக்காடு எல்லாம் போட்டுக்கிட்டு...

– சரி, இங்க?

– அங்க உக்காந்தா நேரா பாத்ரூம் கதவு தெரியும்.

– இருக்கறது நாலு சுவர்தான்மா. அஞ்சாவதா ஒண்ணு வேணும்னா கொத்தனாரத்தான் கூப்பிடணும்.

– ஜன்னலோரமா தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்... போதும். அந்த பல்பு என்னாச்சு?

– எந்த பல்பு?

– திரு இருதய ஆண்டவர் படத்துக்கு அடியில. ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் போயிப் போயி சரி பண்றீங்க. வீட்டுல ஒரு பல்பு மாத்த ஆளில்ல.

– லிஃப்ட்டு நின்னா உள்ள மாட்டினவன் போன் பண்றான். ஆண்டவர் பண்ணலையே.

– இந்த வாய மட்டும் சிஸ்டர் முன்னாடி தொறந்துடாதீங்க.

– நான் எங்க தொறக்கப் போறேன்? நீதானே பேசப் போற.

– நானா? நான் எதுக்குப் பேசணும்?

– கேப்பாங்கல்ல. பொண்ணக் கன்னியாஸ்திரி மடத்துக்கு அனுப்ப பெத்தவங்களுக்கு முழு சம்மதமான்னு. அதக் கேக்கத்தானே வர்றாங்க.

– அத உங்களத்தான் கேப்பாங்க. நீங்கதானே குடும்பத் தலைவர்.

– இது எப்போலேருந்து? நேத்து திரைச்சீலை வாங்கறப்ப நான் தலைவரா இல்லையே. பைதான் தூக்கிட்டு வந்தேன்.

– திரைச்சீலை வேற, இது வேற.

– ஆமாமா. கஷ்டமானது வந்தா நான் தலைவர்.

– பேச்ச மாத்தாதீங்க. என்ன சொல்லப் போறீங்க?

– நீ என்ன சொல்லுவ?

– நான் முதல்ல கேட்டேன்.

– ...சந்தோஷம்தான்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா ஆளாளுக்குக் கையக் குலுக்கறாங்க. பூசையில பைபிள் வாசிக்கற குழுக்காரர் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. உனக்குத் தெரியும்ல, அந்த ஆளு யாரையும் தொட மாட்டாரு.

– பாட்டுக்குழு டீச்சர் கண்ணாடிக் கடைக்கே வந்துட்டாங்க. கஸ்டமர் நிக்கறப்பவே என் கையப் புடிச்சுக்கிட்டு, புண்ணியம் பண்ணின வயிறு உன்னோடதுன்னு ஒரே புகழ்ச்சி.

– நீ என்ன சொன்ன?

– எல்லாம் ஆண்டவர் கிருபைன்னு சிரிச்சேன். சிரிச்சுட்டு, அந்த கஸ்டமருக்கு இன்னொருத்தரோட கண்ணாடிய எடுத்துக் குடுத்துட்டேன். படிய எங்கயோ நினைச்சு காலை எங்கயோ வச்சாராம். திரும்பி வந்து கத்தினாரு.

– கிருபைதான். கால் ஒடியாம வந்தாரே.

– சிரிக்காதீங்க.

– நான் எங்க சிரிச்சேன்? அந்த மேஜ விரிப்ப இங்க குடு.

– ஏங்க...

– ம்.

– நேத்து ஜெபத்துல ஒண்ண விட்டுட்டீங்க.

– எத?

– தெரியாத மாதிரி கேக்கறதப் பாரு. ஜெபமாலை முடிஞ்சதும் என்ன சொல்லுவீங்க?

– மாதா மன்றாட்டு.

– அதுக்கப்புறம்?

– நோயாளிகளுக்காக ஒண்ணு.

– அதுக்கப்புறம்?

– அதுக்கப்புறம் படுக்கறதுதான்.

– தேவ அழைத்தல் ஜெபம். பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேத்த வருஷத்துலேருந்து நம்ம வீட்டுல சொல்றது. ஆண்டவரே, உங்க வேலைக்கு நல்ல பிள்ளைங்களக் கூப்பிடுங்கன்னு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, குரல் தழுதழுக்க நீங்கதானே சொல்லுவீங்க?

– நேத்து நேரமாயிடுச்சு.

– முந்தாநேத்து?

– தொண்டை கட்டியிருந்துச்சு.

– போன வாரம் பூராவுமா கட்டியிருந்துச்சு?

– சரி, கவனிச்சல்ல? எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே! மத்த நேரம் ஒரு அருள்நிறை மரியே குறைஞ்சா முழங்கையால இடிப்ப. நேத்து ஏன் எடுத்துக் குடுக்கல?

– மறந்துட்டேன்.

– நீயா? போன ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் நான் சொன்ன வார்த்தையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கறவ நீ.

– ஏன், நான் மனுஷி இல்லையா? மறக்கக் கூடாதா?

– மறக்கலாம், மறக்கலாம். தாராளமா மறக்கலாம்.

– அந்த மெழுகுவத்திய நேரா வைங்க. கோணையா இருக்கு.

– வச்சுட்டேன். ...ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இத்தன நாளும் அந்த ஜெபத்த யாருக்காகச் சொன்னோம்?

– திருச்சபைக்காக.

– அது இருக்கட்டும். மனசுக்குள்ள யாரு இருந்தா?

– ...மேல் வீட்டுப் பசங்க.

– எனக்கும் அதேதான்! நாலு தடியனுங்க. அதுல ஒருத்தனாவது சாமியாராப் போவான்னு நினைச்சேன். மூணாவது பய பீடத்துல மணியெல்லாம் அடிப்பானே...

– அவன் இப்ப ஜிம் வச்சிருக்கான்.

– பாத்தியா! நாலு பேரு இருக்கற வீட்ட விட்டுட்டு, ஒண்ணே ஒண்ணு இருக்கற வீட்டுக் கதவ வந்து தட்டியிருக்காரு. மேல போக லிஃப்ட்டு இருக்குல்ல? நான்தானே மாசாமாசம் எண்ணெய் போடறேன்? அதுல ஏறியிருக்கக் கூடாதா அவரு?

– ஐயோ, வாயக் கழுவுங்க! படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு...

– நீதான் சிரிக்கற.

– நான் சிரிக்கல. இது வேற.

– சரி, உக்காரு. காலையிலேருந்து நின்னுட்டே இருக்க.

– அந்த நாற்காலி வேண்டாம், அது சிஸ்டருக்கு. ...எனக்குப் பிடிக்கலங்க.

– நாற்காலியா?

– பாப்பா போறது. சொல்லிட்டேன். போதுமா? எனக்குப் பிடிக்கல. ஒரே ஒரு துளி கூடப் பிடிக்கல.

– இந்த ஸ்டூல்ல உக்காரு.

– ஏதாவது சொல்லுங்களேன். நான் என்ன சொல்றேன், நீங்க ஸ்டூலத் தள்ளறீங்க.

– என்னத்த சொல்ல? எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா?

– சந்தோஷம்தான்னு சொல்லுவேன்னீங்க.

– சிஸ்டர்கிட்ட சொல்லுவேன்னேன். உங்கிட்டயா சொன்னேன்?

– அப்ப பாப்பாகிட்ட சொல்லுங்க. போக வேண்டாம்னு.

– நீ சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா.

– என்னன்னு சொல்றது? நடக்கத் தெரியறதுக்கு முன்னாடியே முழங்கால் போட வச்சது நான். ராத்திரி தூங்கி விழுந்தாலும் தட்டி எழுப்பி, சிலுவை போட்டுட்டுத் தூங்குடின்னு சொன்னது நான். மத்தவங்க பிள்ளை போகட்டும், நீ மட்டும் போகாதன்னு சொன்னா... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில நிப்பேன்?

– அதான். அதேதான் எனக்கும். கேட்டது நாம. குடுத்தது அவரு. இப்ப விலாசம் தப்புன்னு திருப்பி அனுப்ப முடியுமா?

– அவ முடியாதுன்னு சொல்ற மாதிரி பொண்ணும் இல்ல. நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் வேண்டாம்னாலும் நின்னுடுவா. அதான் பயமா இருக்கு.

– நின்னா நல்லதுதானே?

– நின்னுட்டு நம்ம மூஞ்சியத் தினமும் பாப்பாளே... வேலைக்குப் போவா, வருவா, சிரிச்சுட்டே இருப்பா. ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டா. அத எப்படித் தாங்கறது?

– ம்.

– அவ போயிட்டா ஜெபமாலைல அஞ்சாவது பத்து மணி யாரு சொல்றது?

– நான் சொல்றேன்.

– அவ வேகமாச் சொல்லுவா. பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி. நீங்க எத்தன தடவ திட்டியிருப்பீங்க.

– இனிமே திட்ட மாட்டேன்.

– இனிமே திட்டறதுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேருதான். நீங்க பாதி சொல்லணும், நான் பாதி சொல்லணும். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அன்னைக்கு ஜெபம் இல்ல.

– ...சில சமயம் மடத்துலயே வேண்டாம்னு சொல்லிடுவாங்களாம்.

– ஆமா, நானும் கேள்விப்பட்டேன். வீட்டுல யாருக்காவது மனசு இல்லன்னு தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்களாம்.

– உனக்கு யாரு சொன்னா?

– பொதுவா பேசிக்குவாங்க. உங்களுக்கு?

– எனக்கும் பொதுவாத்தான்.

– அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டா நம்ம மேல பாவம் இல்ல.

– இல்லவே இல்ல. நாம சந்தோஷமாத்தானே சம்மதம் குடுத்தோம்.

– நாம குடுத்தோம். அவங்க எடுத்துக்கல. அவ்ளோதான்.

– மணி என்ன?

– நாலாகப் போகுது. கதவுச் சத்தம்... வந்துட்டாங்களா?

– சிஸ்டர் பெல் அடிப்பாங்க. இது சாவி போடற சத்தம். பாப்பா.

– வாடா. சிஸ்டர் கூடவா வந்த?

– தனியாத்தான் வந்தேன்மா. இன்னைக்கு லேப்ல கூட்டமில்ல, சீக்கிரம் விட்டுட்டாங்க. என்ன இது, வீட்டையே பொரட்டிப் போட்டிருக்கீங்க? அப்பா, அது எந்த நாற்காலிப்பா ஜன்னல்கிட்ட?

– சிஸ்டருக்குடா.

– சிஸ்டர் வரலப்பா.

– வரலையா!

– வரலையா?

– அம்மாவும் அப்பாவும் இவ்ளோ சேந்து ஜெபத்துல கூட பதில் சொன்னதில்ல.

– இல்லடா, எல்லாம் தயாரா இருக்கேன்னு... ஏன் வரலையாம்?

– தண்ணி குடிச்சுட்டு சொல்றேன்மா.

– குடி, குடி. வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?

– அப்பா, தண்ணி.

– குடிக்க விடுங்களேன் புள்ளைய! ...ஆனா சொல்லு, வேண்டாம்னாங்களா?

– மத்தியானம் லேபுக்குப் போன் பண்ணினாங்கம்மா. அவங்களுக்கு ஒரே குழப்பமாம், அது தெளியாம வர வேண்டாம்னு நினைச்சாங்களாம். செவ்வாக்கிழமை ஒரு போன் வந்துச்சாம். அப்பா, உக்காருங்கப்பா, ஏன் எழுந்திரிக்கறீங்க?

– இல்ல... பல்பு மாத்தணும்.

– அப்புறம் மாத்தலாம். பேசினவரு ரொம்ப மரியாதையா பேசினாராம். எனக்கு முழு சந்தோஷம் சிஸ்டர், வீட்டுக்காரிக்குத்தான் தாங்கல, ஒளிஞ்சு ஒளிஞ்சு அழறா, அவளுக்காக நீங்களே பாத்து வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு கேட்டாராம்.

– என்னங்க! நானா அழுதேன்? நான் என்னைக்குங்க அழுதேன்?

– இல்லம்மா, நான் பொதுவா...

– எம் பேரையா கெடுத்தீங்க? அதுவும் சிஸ்டர்கிட்ட! எவ்ளோ கேவலமா நினைச்சிருப்பாங்க என்ன!

– அம்மா, இருங்க. இன்னும் முடியல. வெள்ளிக்கிழமை இன்னொரு போன்.

– காபி போடட்டுமாடா?

– அம்மா?

– சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

– அவங்க கண்ணாடிக் கடையிலேருந்து பேசினாங்களாம். எனக்குப் பெருமைதான் சிஸ்டர், அவருக்குத்தான் தூக்கமே இல்ல, நடுராத்திரி எழுந்து பொண்ணு ரூம் வாசல்ல போயி நிக்கறாரு, அவருக்காக நீங்களே சொல்லிடுங்கன்னு.

– நானா! படுத்தா காலையிலதான்டி எனக்கு முழிப்பே வரும்! குறட்டை விடறேன்னு நீதானே தினமும் திட்டற?

– நீங்க மட்டும் சொல்லலாமா? ஒளிஞ்சு அழறாளாம்!

– சரி, சரி... ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம். விடு. புள்ள முன்னாடி மானம் போச்சு.

– எங்க போயி முட்டிக்கறது... பாப்பா, சிஸ்டர் என்னடா கேட்டாங்க?

– உங்க வீட்டுல நிஜமா யாருக்கு மனசு கேக்கல, ரெண்டு பேருல யாரு சொன்னது பொய்னு கேட்டாங்க.

– நீ என்ன சொன்ன?

– ரெண்டு பேரும் சொன்னது நிஜம்தான் சிஸ்டர், ஆளத்தான் மாத்திச் சொல்லியிருக்காங்கன்னேன். கீழ வண்டிய நிறுத்திட்டு, ஹெல்மெட்டக் கழட்டாம உக்காந்து அழறது அப்பா. நடுராத்திரி எம் ரூம் வாசல்ல வந்து நிக்கறது அம்மா. நான் தூங்கற மாதிரிதான் படுத்திருப்பேன். ரெண்டையும் பாத்துட்டுத்தான் மடத்துக்கு வரேன்னு சொல்றேன் சிஸ்டர்னு சொல்லிட்டேன்.