மேனேஜர் தின்னாத ஆறு பூக்கள்

எங்கள் பூனை கொஞ்சம் மந்தம், டாக்டர். சாப்பாட்டுத் தட்டை இடம் மாற்றினால் பழைய இடத்திலேயே உட்கார்ந்து எங்களை முறைக்கும். அந்த முறைப்பால்தான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. என் மனைவி வெளியே பேர் எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வாந்தி எடுக்கவைக்கிற ஊசியை மட்டும் கொஞ்சம் கீழே வையுங்கள்.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். லேசாகச் சுருக்கென்றால் உயிர் இருக்கிறது. முப்பது வருடப் பழக்கம்.

போன மாதம் மனைவி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கூட வேலை பார்த்த ஆசிரியைகள் ஒரு பூச்செடி கொடுத்தார்கள். ஆறு பூக்கள், வெள்ளை, நடுவில் ஊதா. காலையில் எழுந்ததும் அதோடு பேசுவாள், என்னிடம் பேசுவதைவிட மரியாதையாக. மேனேஜர் ஒருநாள் அதை மோந்து பார்த்தது.

"சில செடி பூனைக்கு ஆகாதாமேங்க" என்றாள்.

வாயில்லா ஜீவன் தின்பதற்கு முன்னால் நான் சோதிப்பதுதான் தர்மம் என்று பட்டது. ஒரு பூவைப் பறித்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்று எதுவும் இல்லை. எச்சில் பட்டதைத் திருப்பி ஒட்டவா முடியும்? விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் அழுதாள். "மேனேஜர்தான் தின்னிருக்கு" என்றாள். துக்கத்தில் இருப்பவர்களை எதிர்த்துப் பேசுவது என் வழக்கமில்லை.

மூன்றாவது பூ போனதும் உங்களுக்குப் படம் அனுப்பினாள். "இது ஆர்க்கிட்மா, பூனைக்கு ஒண்ணும் பண்ணாது. லில்லின்னாதான் பயப்படணும், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போயிடும். மனுஷன் தொட்டுப் பார்த்தெல்லாம் அதைக் கண்டுபிடிக்க முடியாது" என்றீர்கள். நீங்கள் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அட்டையில் வந்த பேட்டரிகளிலேயே ஒன்று செத்திருக்கும். மூன்று பூ நல்லதென்றால் நான்காவதும் நல்லது என்று எப்படிச் சொல்வது?

நான்காவதுக்குப் பிறகு மேனேஜர் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினாள். ஐந்தாவது போனதும் மச்சான் வந்தான். "கூம்பு மாட்டியும் பூ போகுதுன்னா இது பூனையில்லக்கா, கேடி. எங்கிட்ட குடு. மரக்கடையில மூணு நாய் இருக்கு, தன்னால திருந்திடும்." நாளைக் காலையில் சாக்கோடு வருகிறான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் மேனேஜருக்காகப் பிரார்த்தனை செய்தேன். யாரும் பார்க்காதபோது என் கையாலேயே மீன் ஊட்டினேன். சின்னச் சின்னக் கருணைதானே மனிதனுக்கு அழகு. வயிறு நிறைந்ததால் தட்டில் வைத்ததை அது தொடவில்லை. வயிற்றில் பூ அடைத்திருக்கிறது என்று மனைவி பயந்து இங்கே தூக்கி வந்துவிட்டாள்.

அதன் வயிற்றில் பூ இல்லை, டாக்டர். ஆறையும் தின்றது நான்தான். மச்சானிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான். எனக்கென்று ஆசை எதுவும் இல்லை, எல்லாம் மேனேஜருக்காக. கடைசி மூன்றுக்கு உப்பும் மிளகுத்தூளும் தூவிக்கொண்டதுகூட, சோதனை முழுமையாக இருக்கட்டும் என்றுதான்.

நேற்று செடியில் புதிதாக ஒரு மொட்டு விட்டிருக்கிறது. மேனேஜரை இன்னும் அரை மணி நேரம் இங்கேயே வைத்திருங்கள். வீடு பத்திரமா என்று நான் முன்னால் போய்ப் பார்த்துவிடுகிறேன்.