இரண்டரை மணிக் கொடி

ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஓடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பேச முடிகிற வரை நெஞ்சுக்கு ஆபத்தில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதான ஒப்பந்தம் வந்த மறுவருடம், பண்டாரவளைப் பக்கம் மலைப்பாதையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். நான் போட்டிக்காரன் அல்ல. முதுகில் கொடி கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்தில் முடியும்படி ஒரே வேகத்தில் முன்னால் ஓடுகிறவன். என் கொடியில் இரண்டரை மணி என்று எழுதியிருந்தது. பின்னால் வருகிறவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்ப்பார்கள்.

களுவாஞ்சிக்குடித் தங்கராசாவும் அவர்களில் ஒருவர். பிரஷர்க்காரர்.

"டொக்டர் மெதுவா எண்டா ஓடலாம் எண்டவர். உங்கட கொடிக்குப் பின்னால வந்தா சாக மாட்டன்தானே அண்ணன்?" என்று வேனில் கேட்டுச் சிரித்தார். ஓம் என்றேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, வாவிக்கரைத் தெருவில் பயிற்சியின்போதுதான் அவரை முதலில் கண்டேன். வலது பாதத்தை வெளியே திருப்பி வைத்து ஓடினார். தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியபோது, ஆள்காட்டுவதற்குத் தலையில் சாக்குப் போட்ட ஒருவனைக் கூட்டிவந்தார்கள். முகம் தெரியவில்லை. நடை தெரிந்தது, அதே வலது பாதம். என் தம்பி வினாயகமூர்த்தியின் முன்னால் நின்று தலையை ஆட்டினான். தம்பி திரும்பி வரவில்லை. எங்களைப் போன்ற ஓட்டக்காரர் ஆளைக் காலில்தான் அடையாளம் காண்போம்.

ஆகவே ஓட்டத்தன்று வேகத்தைக் கூட்டினேன். ஒரு கிலோமீட்டரில் பத்து விநாடி, அடுத்ததில் இன்னும் பத்து. தேயிலைச் சரிவெல்லாம் பனிமூட்டம். நேரம் பிந்துகிறது என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தங்கராசா விடாமல் வந்தார்.

பதினான்காவது கிலோமீட்டரில், எதற்காக என்று தெரிந்துகொண்டு சாகட்டும் என நினைத்து, அந்தக் கால் பிறவியிலேயே அப்படியா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணன்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "தொண்ணூத்திநாலுல வயல் வட்டைக்குள்ள உழவு மெசின் ஏறினது. அதுக்கு முதல் எங்கட ஊரில என்னை ஓடிப்பிடிக்க ஆள் இல்ல."

அதன் பிறகு அவர் பேசவில்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு மதகுக் கட்டில் சாய்ந்தார். நான்தான் அம்புலன்ஸ் வரை தூக்கிப் போனேன். செத்தவீட்டில் அவர் மனைவி சீதேவிப்பிள்ளை என் கைகளைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கூட ஓடினீங்களே என்று அழுதார்.

ஓடினேன். பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டர் இருந்தது. தொண்ணூறு முந்தியதா, தொண்ணூற்றிநான்கு முந்தியதா என்று எனக்குத் தெரியாமலில்லை. வேகத்தை நான் குறைக்கவில்லை. குறைத்திருந்தால், தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்ல எனக்கு ஒருவருமே மிஞ்சியிருக்கமாட்டார்கள்.