கழுத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி

— முடியாதுன்னா முடியாது, டாக்டர். காரணம் என்னன்னு சொல்லாம என் கழுத்துல யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

— அக்கா, மெதுவா பேசு. வெளியில ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.

— கேக்கட்டும்டா தம்பி. போன ஆஸ்பத்திரியில தைராய்டு கூடிப்போச்சு, மருந்து குடுத்துச் சுரப்பியைப் பொசுக்கிடலாம்னாங்க. ஏன் கூடுச்சுன்னு கேட்டா, வயசாயிடுச்சும்மாங்கறாங்க. இருபத்திரண்டு வருஷமா கறி வெட்டுறேன். மூட்டு எங்கன்னு பாக்காம நான் கத்தியை இறக்கினதில்ல.

— நீங்க ஒத்துக்காதது நல்லதாப் போச்சும்மா. இந்த ஸ்கேனைப் பாருங்க. சுரப்பி அதிகமா வேலை செஞ்சா இந்த இடம் பளிச்சுன்னு தெரியணும். ஒண்ணுமே காணோம். உங்க சுரப்பி தூங்குது.

— தூங்குதா? அப்ப நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது? பத்து கிலோ இறங்கிட்டேன். கத்தி பிடிக்கிற கை நடுங்குது.

— ரத்தத்துல ஹார்மோன் நிறைய இருக்கு, அது நிஜம். சுரப்பி வீங்கி, சேத்து வச்சது கசிஞ்சாலும் ஸ்கேன் இப்படித்தான் இருக்கும். ஆனா அப்படிக் கசிஞ்சா கூடவே ஒரு புரதமும் ரத்தத்துல ஏறும். உங்களுக்கு அது அடிமட்டத்துல கிடக்கு. அப்படின்னா ஹார்மோன் வெளியில இருந்து உள்ள போகுது. மறைக்காம சொல்லுங்க. இளைக்கிறதுக்கு மாத்திரை, பொடி ஏதாவது?

— இளைக்கவா? முழு ஆட்டைத் தோள்ல தூக்கிக் கொக்கியில மாட்டுறவ. இளைச்சுட்டா யார் தூக்குவா, நீங்களா?

— நான் என்ன சொல்றேன்னா டாக்டர், கடைதான் இவங்களுக்கு வியாதி. எப்பப் பாரு கோவம். இழுத்து மூடிட்டு ஓய்வெடுன்னா கேக்க மாட்டேங்கறாங்க.

— கறி வாடையே ஆகாதவன் கறிக்கடையைப் பத்திப் பேச வந்துட்டான். நீங்க கேளுங்க டாக்டர்.

— எப்ப ஆரம்பிச்சது?

— ஏழெட்டு மாசம் இருக்கும்.

— அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சாப்பாட்டுல என்ன மாறுச்சு?

— ஒண்ணும் மாறல. விக்காத கறியைத்தான் நான் சாப்பிடுவேன்.

— எது விக்காது?

— கழுத்து. சவ்வும் நரம்புமா இருக்கும், வாடிக்கைக்காரங்களுக்கு அதைப் போட மனசு வராது. முன்னாடி நாய்க்குப் போயிடும். நீங்க கேக்கிற அந்தச் சமயத்துலதான் கறி அரைக்கிற மெஷின் வாங்கினேன். வீணாப் போகுதேன்னு அரைச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். தினம் ஆறேழு ஆட்டுக் கழுத்து தேறும்.

— எங்க வெட்டுவீங்க? என் கழுத்துலயே காட்டுங்க.

— இதோ, குரல்வளை. இதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு, கருஞ்சிவப்பா, வழுவழுன்னு கொஞ்சம் கறி இருக்கும். என்ன டாக்டர், பேனாவை வச்சுட்டீங்க?

— அது கறி இல்லம்மா. ஆட்டோட தைராய்டு. வேக வச்சாலும் அதுல இருக்கிற ஹார்மோன் அழியாது.

— அக்கா, ஏன் சிரிக்கிற?

— சிரிக்காம என்னடா செய்ய? கோவக்காரி, வயசாயிடுச்சு, கடை ஆகாதுன்னு ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னீங்க. ஆட்டுக் கழுத்துல இருந்ததுக்கு என் கழுத்தைப் பொசுக்கப் பாத்தாங்க. டாக்டர், நிறுத்தினா சரியாயிடுமா?

— ஆறு வாரம் கழிச்சு ரத்தத்தைப் பாத்தா உறுதியாத் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் படபடப்புக்கு மாத்திரை தரேன். கடையை மூட வேண்டாம். அந்தச் சுரப்பியை மட்டும் எடுத்துப் புதைச்சிடுங்க, நாய்க்கும் வேண்டாம். அரைச்ச கறியை வேற யாராவது சாப்பிட்டாங்களா?

— நான் ஒருத்திதான்... இருங்க. இவன் வீட்டுக்குத் தினம் ஒரு டப்பா அனுப்பினேன். இவன் தொடமாட்டான். இவன் பொண்டாட்டிக்கு.

— அவங்களையும் பாக்கணுமே. வரச் சொல்லுங்க தம்பி.

— அவ இங்க இல்ல டாக்டர். மூணு மாசமா அவங்கம்மா வீட்டுல இருக்கா.

— ஏன்?

— தூங்க மாட்டா. வேர்த்துக் கொட்டும். சும்மா அழுவா, கேட்டா எரிஞ்சு விழுவா. நான்தான் கொண்டுபோய் விட்டேன். அங்க போய்க் கொஞ்ச நாள்லயே நல்லாயிட்டாளாம். என் மூஞ்சியைப் பாக்காததாலதான்னு அவங்கம்மா சொல்லிட்டுத் திரியறாங்க.

— டேய், வக்கீலைப் பாக்கப் போனியே. விவாகரத்து மனுவுல என்ன எழுதிக் குடுத்த?

— அக்கா...

— என்னடா எழுதின?

— அவளுக்குப் புத்தி சரியில்லன்னு.

— எழுந்திரு. இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு இப்பவே அவங்க வீட்டு வாசலுக்குப் போறோம். டப்பா அனுப்பினவ நான்னு நான் சொல்றேன், புத்தி சரியில்லாதது யாருன்னு நீ உன் வாயாலயே அவகிட்ட சொல்லு.