தலைவர் மறுத்த தேத்தண்ணி

மன்றத்தின் மகுடமாய், மரண உதவிச் சங்கத்தின் மாறாத தலைவராய், என் தங்கை மாரியாயியைக் கரம் பிடித்த மணவாளராய் இம்மேடையில் அமர்ந்திருக்கும் என் மச்சான் பொன்னையா அவர்களே! என் தங்கை விடாமல் அழைத்ததால் வெலிமடையிலிருந்து வந்து, முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் மரக்கறித் தோட்டத்து மாமணி செவனு அவர்களே! நரையால் நிறைந்த பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்து குந்தியிருக்கும் குலவிளக்குகளே, தாய்மார்களே! கடையைச் சாத்திவிட்டு வந்தும் கண்ணை மட்டும் கடைமேலேயே வைத்திருக்கும் ஸலீம் நானா அவர்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் இளஞ்சிங்கங்களே! ஹல்துமுல்லை மலையெங்கும் தண்ணீர்க் குழாய் பதித்த தனிப்பெரும் பைப்காரன், இந்த அழகர்சாமி, உங்கள் அனைவரின் முன்னும் தலை தாழ்த்திக் கை கூப்புகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘நமது சங்கத்தின் சாதனைகள்’. சாதனையா? என்ன சாதனை? செத்தவனுக்குப் பந்தல் போட்டோம், பறை அடித்தோம், பெட்டி வாங்கினோம். உயிரோடு இருக்கிறவனை உட்கார வைத்து, “உனக்கு என்னப்பா செய்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்டிருந்தால் நான் இன்று இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி வயிறெரிய வேண்டியிருக்குமா?

அதோ பாருங்கள்! பேச்சு தொடங்கியதும் தலைவர் மறுபடி எழுந்துவிட்டார். போங்க மச்சான், போங்க. பார்த்து, வழியில வயர் கெடக்கு.

போய்விட்டாரா? கோயிலுக்குப் பின்பக்கம் திரும்பிவிட்டாரா? நல்லது. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அவர் திரும்பி வர நேரமாகும். நேரமாவதுதானே அவருடைய நோயே!

சிரிக்காதீர்கள். சிரிக்கிற ஆண்களின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், யார் யார் இதே நோய்க்குப் பயந்து தேத்தண்ணியை விட்டுவிட்டீர்கள் என்று.

என்ன தங்கச்சி? “அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லு, அவரு வந்துருவாரு” என்கிறாள் மாரியாயி. சொல்கிறேன். மேடையில் சொல் என்று என்னை ஏவியவளும் அவள்தான், சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

சபையோரே! என் மருமகன், இந்தத் தங்கச்சி பெற்ற பிள்ளை ஜீவன், ஹாலிஎலையில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் செவனு அவர்களின் மகள் யசோதினி. இருவருக்கும் மனம் ஒத்தது. மனம் ஒத்ததை மாரியம்மனே மறுக்கமாட்டாள். முறைப்படி பெண் பேச நாங்கள் வெலிமடைக்குப் போனோம். அந்தப் பெண் கையால் தேத்தண்ணி வந்தது. ஏலக்காய் தட்டிப்போட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, நான் குடித்ததிலேயே தலைசிறந்த தேத்தண்ணி! நான் வெள்ளைக்கார துரை பங்களாவிலேயே தேத்தண்ணி குடித்தவன்.

என்ன ஸலீம் நானா? “நீங்க பொறக்க முந்தியே வெள்ளக்காரன் போய்ட்டானே” என்கிறீர்களா? அவன் போனான், பங்களா போனதா? பேசவிடுங்கள் ஐயா.

பெண் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணியைக் குடித்தால் சம்மதம். குடிக்காமல் வைத்தால்? சொல்லுங்கள் தாய்மார்களே, வைத்தால் என்ன பொருள்? ஆமாம்! பெண் வேண்டாம் என்று பொருள்! இது நம் மலையெங்கும் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் என் மச்சான் என்ன செய்தார்? கோப்பையைத் தொட்டார், முகர்ந்தார், பெருமூச்சு விட்டார், தள்ளி வைத்தார்! “வேணாங்க, வயித்துக்கு ஒத்துக்காது” என்றார். அந்தப் பிள்ளையின் முகம் அப்படியே கருகிப்போனது.

செவனு அவர்களே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அன்று நீங்களும் சும்மா இருந்தீர்களா? பேச்சின் நடுவே நடுவே, “லீக்ஸ் பாத்திய ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்” என்று எழுந்தெழுந்து போனீர்கள். “நம்மள விட அந்தாளுக்கு லீக்ஸ் பெருசா போச்சா?” என்று என் மச்சான் பஸ்ஸில் பொருமினார். அவர் அப்படி நினைக்க, நீங்கள் இப்படி நினைக்க, வேறு மாப்பிள்ளை தேடுகிறீர்கள் என்று கேள்வி. இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். எதற்கு? ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு!

அவர் ஏன் குடிக்கவில்லை? பெண் பிடிக்காமலா? குலம் பார்த்தா? இல்லை ஐயா, இல்லை! வெலிமடையிலிருந்து பண்டாரவளை, பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, அங்கிருந்து இங்கே. வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கும், டிரைவர் நிறுத்தமாட்டான். அந்தப் பயம்! அந்த ஒரே பயம்!

சொல்லிவிட்டேன். தலைவருக்குப் புரோஸ்டேட் வீக்கம். வாயைப் பொத்தாதீர்கள் தாய்மார்களே, இது கெட்ட வார்த்தை இல்லை. மூத்திரப்பைக்குக் கீழே எல்லா ஆணுக்கும் இருக்கிற சுரப்பி. வயது ஏற ஏறப் பெருக்கும். நடுவில் போகிற குழாயை நெரிக்கும். தொட்டி நிறைந்திருக்கும், குழாயில் சொட்டுச் சொட்டாய் வரும். இதைப் பைப்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சிற்றம்பலம் படம் வரைந்து காட்டத் தொடங்கினார். நான் பேனாவை வாங்கி மீதியை வரைந்து கொடுத்தேன். மனிதர் அசந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

ஆம், எனக்கும் இருந்தது. “ஐயா, பயப்பிடாதேங்கோ. ரத்தமும் ஸ்கேனும் பாத்தாச்சு, இது புற்றுநோய் இல்லை. குளிசையைப் போட்டுப் பாப்பம்” என்றார் டொக்டர். போட்டுப் பார்த்தோம். அந்த மாத்திரை பலருக்கும் கேட்கும், எனக்குக் கேட்கவில்லை. என் உடம்பு சாதாரண உடம்பா? பிறகு, “வெட்டாமல் செய்யிற முறை ஒண்டு இருக்கு, உங்களுக்குப் பொருந்தும்” என்று கொழும்புக்கு அனுப்பினார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் எனக்குக் கமிஷன் என்று ஸலீம் நானா கிளப்பிவிடுவார்.

அங்கே டொக்டர் தயானி என்று ஒரு பெண்பிள்ளை. பெண்ணா? என்று நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, மணிக்கட்டை நீட்டுங்கோ, அது போதும்” என்றாள். மணிக்கட்டு! கோளாறு எங்கே, மணிக்கட்டு எங்கே!

கேளுங்கள். தேயிலை மலையில் நிழல் மரம் பெருத்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? அடியோடு வெட்டிச் சாய்த்தால் கீழே உள்ள தேயிலையெல்லாம் நசுங்கும். அதனால் அடியில் பட்டையைச் சுற்றிச் சீவிவிட்டு வந்துவிடுவோம். சாரம் ஏறாது. மரம் நின்ற நிலையிலேயே வாடும். அதேதான் ஐயா, அதேதான்! மணிக்கட்டில் ஊசி போகிற அளவு ஒரு துளை. நூல் போல ஒரு குழாய். இரத்தக் குழாய் வழியே ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சுரப்பிக்குச் சாரம் ஊட்டுகிற கிளை வரைக்கும் போகிறது. அங்கே மணலைவிடச் சின்ன மணிகளை விட்டு அடைத்துவிடுகிறார்கள். சுரப்பி வாடிச் சுருங்குகிறது. குழாய் திறக்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்கமும் இல்லை. மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். நான் விழித்துக்கொண்டே திரையைப் பார்த்து, “அந்த வளைவில் மெதுவாகப் போங்க மகள்” என்று வழி காட்டினேன்! நான் இல்லாவிட்டால் அவள் திணறியிருப்பாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். பொய் சொல்லமாட்டேன், முதல் வாரம் எரிச்சல் இருந்தது. ஒரே இரவில் சரியாகவும் இல்லை. வாரக் கணக்கில்தான் வாடியது. எல்லோருக்கும் இது பொருந்தாது, யாருக்கு எது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இன்று? கொழும்பிலிருந்து பதுளை வரை பஸ்ஸில் ஜன்னலோரம் குந்தி, ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறேன்!

அதே டொக்டர், அதே முறை, என் மச்சானுக்கு வருகிற வியாழக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. போகமாட்டாராம்! “வெட்டுனா மனுசன் முடிஞ்சான் மச்சான்” என்கிறார். வெட்டே இல்லை என்கிறேன். “சனம் என்ன சொல்லும்?” என்கிறார். சனம்! இந்தத் தாய்மார்களைப் பாருங்கள். கர்ப்பப்பைக் கோளாறு என்றால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று ஊருக்கே கேட்கப் பேசுகிறார்கள், கூட்டமாகக் கிளினிக்குக்குப் போகிறார்கள், நலமாகித் திரும்புகிறார்கள். மீசை வைத்த நாம்? ஒளிக்கிறோம்! தாகத்தை ஒளிக்கிறோம், தவிப்பை ஒளிக்கிறோம், தண்ணீரே குடிக்காமல் கிடந்து சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்கிறோம்! தேயிலை வளர்த்த கை தேத்தண்ணிக் கோப்பைக்கு நடுங்குவதா? தகப்பனின் வெட்கத்துக்குப் பிள்ளையின் வாழ்வு விலையா? சொல்லுங்கள், விலையா?

ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?

ஓ! வாங்க மச்சான்... எப்ப வந்தீங்க? என்ன? ஒலிபெருக்கியை யார் கட்டினார்கள் என்று கேட்கிறார். கக்கூசுக்கு மேலே நிற்கிற மரத்தில் கட்டியிருக்கிறார்களாம். ஆரம்பத்திலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டாராம்.

அடிக்கப்போகிறீர்களா மச்சான்? அடியுங்கள். இந்த அழகர்சாமி புலியையே... சரி, அது பிறகு.

இல்லை, செவனு அவர்களைப் பார்த்துப் பேசுகிறார். மைக்கில் விழவில்லை, பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். “செவனு அண்ணே, புள்ளய வேணாம்னு வைக்கல. அந்த ஏலக்கா வாசம் இன்னும் மூக்குல நிக்குது. பஸ்ஸ நெனச்சுத்தான் வச்சேன். பயந்துட்டேண்ணே.”

செவனு அவர்கள் எழுகிறார். அமைதி, அமைதி! விசிலை நிறுத்துங்கள் தம்பிகளா! சங்கத்துத் தேத்தண்ணி மேசைக்குப் போகிறார். ஒரு கோப்பை எடுக்கிறார். “சீனி ரெண்டு கரண்டி போடுங்க” என்கிறார். மேடைக்கு வருகிறார். நீட்டுகிறார். மச்சான் வாங்குகிறார்... குடிக்கிறார்! குடித்துவிட்டார் ஐயா, அடிச்சொட்டு வரை குடித்துவிட்டார்! கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுகிறார்! மாரியாயி, குலவை போடடி! ஜீவா, அங்கே சுவரைப் பார்த்தது போதும், வந்து மாமனார் காலில் விழு!

வியாழக்கிழமை? தலையாட்டுகிறார், போகிறாராம்! பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு எனக்கு. வழியில் டிரைவர் நிறுத்தமாட்டேன் என்றால் என்னோடு பேசட்டும்.

என்ன செவனு அண்ணே? காதில் சொல்கிறார். சத்தமாகச் சொல்லட்டுமா? சொல்லவா? “அந்த டொக்டரம்மா ஒரே நாள்ல ரெண்டு பேரப் பாப்பாங்களா?” என்று கேட்கிறார்.

அண்ணே... எழுந்தெழுந்து போனீங்களே, அந்த லீக்ஸ் பாத்தி!

பார்ப்பாங்கண்ணே. முதலில் பதுளையில் நம்ம டொக்டரிடம் காட்டுவோம். ஸ்கேன், ரத்தம், எல்லாம் முறைப்படி. வியாழக்கிழமை சும்மா மச்சானோடு கொழும்புக்கு வந்து, மணிக்கட்டில்தான் துளை போடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். பாட்டு நான் பாடுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. பொறுமையில்லாமல் இருந்தும் எழுந்து போகாமல் அடக்கிக்கொண்டு குந்தியிருந்த ஆண்களுக்கு இருமடங்கு நன்றி. இப்போது போய் வாருங்கள். ஒலிபெருக்கியை மரத்தில் கட்டிய தம்பிக்கு என் தனி நன்றி. எல்லாப் புகழும் என் தங்கைக்கு, கொஞ்சம் எனக்கு. தேத்தண்ணி ஆறுகிறது, எடுத்துக் குடியுங்கள், ஒருவரும் மறுக்காதீர்கள். வணங்கி விடைபெறுகிறேன், வாழ்க நீங்கள், வற்றாமல் ஓடுக!