பதினொரு விண்ணப்பங்கள்

— ஃபெயிலுன்னா ஃபெயிலுன்னு சொல்லுங்க சார். பாசுங்குறீக, ஆனா பத்தாவதுக்கு இங்கன வேணாங்குறீக. எந்த ஊரு நாயம் இது?

— உங்கள் மகள் துர்காதேவி ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சிதான், சோணைமுத்து. ஆனால், கணக்கில் முப்பத்தாறு. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. ஆறு ஆண்டுகளாக எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிவருகிறது. தலைமையாசிரியன் என்ற முறையில் அதைக் காக்கும் பொறுப்பு எனக்கு உண்டு.

— ஒரு நா லீவு போட்டுருக்காளா சார்?

— இல்லை.

— எங்க ஊரு சிக்கல்லேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரா. மழையில ரோடு அத்துப்போன அன்னைக்கும், நாலு மைலு நடந்து பிரேயருக்கு முந்தி வந்து நின்னவ.

— நின்றாள். நேரந்தவறாமை, பணிவு, பொறுமை, விடாமுயற்சி. மாணவர்க்குரிய குணங்கள் என்று இதோ, இந்தச் சுவரில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

— செவத்துல இருக்குற அம்புட்டும் எம்மககிட்ட இருக்கு. பெறகு என்னதான் கொறச்சல்?

— மதிப்பெண்.

— முழுப்பரிச்சையில வாத்தியாரு போன் பேச வெளிய போனாராம்ல. பிள்ளைக பூராவும் பாத்து எழுதுச்சாம், இவ மட்டும் குனிஞ்ச தலை நிமிரலையாம். வீட்டுல வந்து சொன்னப்ப, முதுகுல தட்டிக்குடுத்தது நாந்தான். மடப்பய.

— நேர்மையை நான் குறை கூறவில்லை. நடத்தைச் சான்றில் ‘மிக நன்று’ என்று என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

— அதைக் களத்துல விரிச்சா மொளகா காயுமா சார்?

— கேலி வேண்டாம். இதில் கையெழுத்திடுங்கள். ‘என் மகளை என் சொந்த விருப்பத்தின்பேரில் வேறு பள்ளியில் சேர்க்கவிருப்பதால், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

— என் விருப்பமா?

— அப்படித்தான் எழுத வேண்டும். மொத்தம் பதினொரு பெற்றோர். பத்துப்பேர் காலையிலேயே ஒப்பமிட்டுவிட்டனர்.

— ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையா?

— கேட்கவில்லை.

— என்னத்தக் கேப்பாக, பாவம். நானும் எழுத்துக் கூட்டத் தெரியாதவந்தான். எம்பேரு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். மண்டிக்குப் போற மொளகா மூடையில எம்பேரத் துர்காதான் எழுதுவா. மொத எழுத்தோட கொம்ப, மூக்குத்தி மாதிரி சுருட்டிவிடுவா.

— உங்கள் பெயர் கீழே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒப்பமிட்டால் போதும்.

— பேனா எழுத மாட்டேங்குது.

— இதோ, வேறு பேனா. ஏன் தயங்குகிறீர்கள்?

— நேத்து பள்ளிக்கூடத்துலேருந்து வந்தவ, சோறு திங்கல சார். கேட்டா, வெரலு வலிக்குதுன்னு செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. இந்த லெட்டரெல்லாம் யாரு எழுதுனது?

— வகுப்பாசிரியை பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, கையெழுத்து நன்றாக உள்ள மாணவி ஒருத்தியை எழுதவைத்தாராம். எவள் என்று நான் கேட்கவில்லை. ஆனால், பாருங்கள்: பதினொன்றிலும் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. கடைசிக் கடிதம் வரை கை நடுங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நாங்கள் பள்ளியில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

— அப்ப வச்சுக்கங்க சார். இந்தா, மூக்குத்திக் கொம்பு. இது எம்மக எழுதுனது.