கூடு கட்டாத செம்போத்து

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், வயல் வேலைக்காரர்கள். இளையவள் நிறைமாதம்.

“வாய்க்கா மேட்டு மூங்கில்ல இருக்குற செம்போத்து இந்த வருசம் கூடே கட்டலைக்கா.”

“அதையா பாத்துக்கிட்டு இருக்கே?”

“வேற என்ன பண்றது? கூலியை ஒசத்திக் கேட்டோம்னு மிராசு அறுப்புக்கு வெளியூர் ஆளைக் கொண்டாந்துட்டாரு. மறிச்சவங்களை ஜெயில்ல போட்டுட்டாங்க. போன வருசமும் இப்படித்தான் மழை இல்ல. அப்ப இருந்த ஜோடி மூணு குஞ்சு பொரிச்சுது. ஊட்டி ஊட்டியே ஜோடியில ஒண்ணு இளைச்சு, சித்திரையில செத்துக் கெடந்துது. இந்த ஜோடி பேசாம இருக்கு. உசுரோட இருக்கு.”

“அதுக்கு மாமியார் இல்லடி.”

இருவரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வயல் வெடித்துக் கிடந்தது.

“ஜெயில்ல அவரு கேட்டா, வேளாவேளைக்குச் சாப்பிடறேன்னுதான் சொல்லப்போறேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

மூத்தவள் மடியிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்தாள். “இந்தா, இதைத் தின்னுட்டுச் சொல்லு. பொய்யா இருக்காது.”

இளையவள் வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள், அப்படியே முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

“வீட்ல புள்ளைங்க ரெண்டும் பசியா இருக்கும்க்கா.”